நிழலுக்குத் தடை இல்லை

விதி இதுதான்: திருச்சபை ஒருவரை முத்திப்பேறு பெற்றவர் என்றோ புனிதர் என்றோ அறிவிக்கும் வரை அவருக்குப் பகிரங்க வணக்கம் செலுத்தக் கூடாது. கல்லறையில் விளக்கு எரியக் கூடாது, காணிக்கைப் பொருள் இருக்கக் கூடாது, படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரையக் கூடாது. மீறினால் புனிதர் பட்டத்துக்கான விசாரணையே நின்றுபோகலாம். அதாவது, ஒருவர் புனிதராக வேண்டுமென்றால் அதுவரை யாரும் அவரைப் புனிதராக நடத்தக் கூடாது. அரசாங்க வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்த எனக்கு இந்த விதி படித்தவுடனே பிடித்துப்போயிற்று.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு டிசம்பர் மாதம், எமரால்டு பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கன்னியர் மடத்தில் இந்த விதியை நான் நிறைவேற்றப் போனேன். எப்படித் திரும்பி வந்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். வீடு குன்னூரில். கல்யாணமான புதிதில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் 'பொருள்: கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருதல் தொடர்பாக' என்று தலைப்பிட்டிருந்தேன். அதை அவள் இன்றும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்காட்டுகிறாள். ஆகவே, ஒரு மடத்தில் நான்கு இரும்புப் பெட்டி நிறையப் பழைய காகிதங்கள் இருக்கின்றன, அவற்றை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னபோது, நான் சம்மதம் சொல்வதற்கு முன்பே அவள் என் ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டாள்.

அந்த மடத்துச் சகோதரிகளின் சபையைத் தொடங்கியவர் ஒரு செவிலியர். சமவெளியிலிருந்து வந்தவர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அனுப்பப்பட்டவர்களை இந்த மலையில் புதிய தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றிய காலத்தில், ஒரு பை மருந்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டார். பிறகு மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். அதுவே ஒரு சபையானது. எல்லோருக்கும் அவர் வெறும் 'மதர்'. அவர் இறந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான முதல்கட்ட விசாரணைக்கு ஆயர் இல்லம் ஒரு குழு அமைத்திருந்தது. அந்தக் குழுவுக்குப் போக வேண்டிய ஆவணங்களைத்தான் நான் தொகுக்க வேண்டும்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். எனக்கு முன்பே மூடுபனி போய் இறங்கியிருந்தது. கேரட் தோட்டங்களும் தைல மரங்களும் தூரத்தில் அணைத் தண்ணீரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவதும் அழிவதுமாக இருந்தன. மடத்தின் மணி எந்தத் திசையிலிருந்து அடித்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கையெழுத்துக்குப் போன கோப்பு மாதிரி ஊரே எங்கோ நிலுவையில் இருப்பதாகத் தோன்றியது.

வேலை மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் போவேன். எல்லாக் காகிதத்துக்கும் எண் கொடுத்தேன். மூன்றாவது பெட்டியின் அடியில்தான் அந்தக் கடிதம் இருந்தது. அன்றைய தோட்ட அலுவலகம் மடத்துக்கு எழுதியது. தேயிலை நாற்றுகளை உறைபனியிலிருந்து காப்பாற்ற வெட்டி அடுக்கி வைத்திருந்த பெரணித் தழைக் கட்டுகள் தொடர்ந்து மூன்று மாலைகள் காணாமல் போயின, மடத்துத் தலைவி தலையில் சுமந்து போனதைக் காவலாளி பார்த்திருக்கிறார், நாற்றுகள் கருகிவிட்டன, உடனே விளக்கம் தேவை. அவ்வளவுதான். அதற்கு மதர் பதில் எழுதியதாக எந்த நகலும் எந்தப் பெட்டியிலும் இல்லை.

மடத்தின் இப்போதைய தலைவி, கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க சார், இதையும் வெக்கோணுங்களா?"

"வெச்சாகணும் சிஸ்டர். ஆதரவான காகிதம், பாதகமான காகிதம் ரெண்டும் போகணும்ங்கிறது விதி."

"திருடுனாங்கன்னு எழுதியிருக்குதுங்களே."

"எடுத்துட்டுப் போனாங்கன்னுதான் எழுதியிருக்கு. திருட்டுன்னு எழுதல."

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். மதிய உணவில் எனக்கு ரசம் மட்டும் வந்தது.

அன்று மாலை நாலரை மணிக்கு, பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பின்பக்கம் போனேன். கல்லறையில் வணக்கப் பொருள் எதுவும் இல்லை என்று ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. சரிவில் வரிசையாக எளிய சிலுவைகள். முதல் சிலுவை மதருடையது. சிமென்ட் பூசக் கூடாது என்று அவரே சொல்லியிருந்ததால் வெறும் மண்மேடு, மேலே புல்.

மூடுபனிக்குள் ஒரு உருவம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. கிட்டே போனதும்தான் அது எழுபதைத் தாண்டிய ஒரு பெண் என்று தெரிந்தது. தலையில் கறுப்புக் கம்பளி. பக்கத்தில் புதிதாக வெட்டிய பெரணிக் கட்டு. ஒவ்வொரு கிளையாக எடுத்து மண்மேட்டின் மேல் பரப்பிக்கொண்டிருந்தார். பரப்பி, ஓரத்தைத் தட்டி, கால்மாட்டில் கொஞ்சம் அதிகமாக வைத்தார். தூங்குகிற ஒருவருக்குப் போர்வையை இழுத்து விடுகிற கைகள் அப்படித்தான் அசையும். பார்த்துக்கொண்டே நின்றிருக்கலாம். துரதிர்ஷ்டவசமாக, வாயைத் திறந்தேன்.

"ஏனுங்கம்மா, இதெல்லாம் இங்க வைக்கக் கூடாதுங்க."

அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு தொர?"

நான் யார் என்பதையும், விசாரணைக் குழு எந்த வாரமும் வந்து பார்க்கலாம் என்பதையும், கல்லறையில் காணிக்கை மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் மதருக்குத்தான் கெடுதல் என்பதையும் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். கடைசி வாக்கியம்தான் அவரைத் தொட்டது.

"அவங்களுக்குக் கெடுதலா?"

"ஆமாங்க."

பரப்பிய பெரணியை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். கட்டினார். தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பனிக்குள் முதலில் அவர் மறைந்தார். பெரணிக் கட்டு மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போவது போலிருந்தது.

வாய்மொழி உத்தரவு போதாது என்று எனக்குத் தெரியும். மடத்துத் தையல் வகுப்பில் ஓர் அட்டை வாங்கி, 'கல்லறைகளின் மேல் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது – உத்தரவுப்படி' என்று எழுதிக் கல்லறைத் தோட்டத்துக் கதவில் மாட்டினேன். யாருடைய உத்தரவு என்று எழுதவில்லை. என் அனுபவத்தில் அதை யாரும் கேட்டதும் இல்லை. இதற்குள் பஸ் போய்விட்டது. சகோதரிகள் விருந்தினர் அறையில் தங்க வைத்தார்கள். மூன்று கம்பளி கொடுத்தார்கள். எனக்கு மூன்று, வெளியே அந்த மண்மேட்டுக்கு ஒன்றுமில்லை என்று அப்போது தோன்றவில்லை.

காலையில் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை. உறைபனி. புல்நுனி, வேலிக் கம்பி, துணி காயப்போடும் கயிறு என்று எல்லாம் உப்பில் செய்தது போல நின்றன. சூரியன் இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. என் மூச்சு எனக்கு முன்னால் போனது. மதரின் மண்மேடும் வெள்ளையாக, சுத்தமாக, விதிப்படி இருந்தது.

அதற்குக் கிழக்கே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்துப் பிடித்திருந்தார். ஏதோ ஒரு பெரிய கறுப்புப் பறவை இறங்குவதா வேண்டாமா என்று யோசிப்பது போல. மேட்டின் மேல் முதல் வெயில் வந்தது. சரிவில் கோடு போட்டு இறங்கியது. அது தொட்ட இடமெல்லாம் பனி மின்னி, உடனே புகைந்தது. கல்லறைகளை எட்டியபோது, மதரின் மேட்டின் மேல் மட்டும் வெயில் விழவில்லை. அந்தக் கம்பளியின் நிழல் அதைத் தலை முதல் கால் வரை மூடியிருந்தது.

"என்னம்மா செய்றீங்க?"

"நிக்கிறேன்."

"எதுக்கு?"

"ஒங்க போர்டு படிச்சேன் தொர. பொருளு வெக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நெழலு பொருளா?"

எத்தனையோ வக்கீல்களைப் பார்த்தவன் நான். நில எடுப்பு வழக்கில் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பதில் சொன்னவன். மனசுக்குள் பகிரங்க வணக்கம் பற்றிய விதியை முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். விளக்கு, காணிக்கை, படம், ஒளிவட்டம். நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கை கடுக்குது" என்றார் அவர். "சும்மாத்தான நிக்கிறீங்க? இந்த ஓரத்தப் புடிங்க."

பிடித்தேன். இப்படியாக, புனிதர் பட்ட விசாரணைக்கு ஆவணம் தொகுக்க வந்தவன், ஒரு கம்பளியின் வடக்கு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லறைக்கு நிழல் கொடுத்தபடி நின்றேன். வெயில் நகர நகர நாங்களும் அரை அடி, அரை அடியாக நகர்ந்தோம்.

"பனி கொல்லாது தொர. பனி மேல சட்டுனு வுழுவுற வெயிலுதான் கருக்கிரும். மெதுவா எளகணும். கன்னு வளத்தவங்களுக்குத் தெரியும்."

நின்றபடியே சொன்னார். கப்பலில் வந்து இறங்கி, இந்த மலைக்கு ஏற்றி அனுப்பப்பட்ட முதல் வருடம். இலங்கையில் அவர்கள் இருந்த தோட்டத்தில் மழைதான் பழக்கம். வெள்ளையாகப் பனி விழும் என்பதே தெரியாது. வரிசை வீடுகளுக்கு, அவர் சொல்லில் லயத்துக்கு, இன்னும் கதவு வைக்கவில்லை. தகர இடுக்கில் காற்று ஊதியது. போர்த்திக்கொள்ளச் சாக்குதான். ஒரு காலையில் பக்கத்து அறைக் கைக்குழந்தை எழுந்திருக்கவில்லை. அவருடைய மகளுக்கு அப்போது நாற்பது நாள்.

அன்று மாலை மதர் வந்தார். அழுகிறவர்களோடு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது எதிரே நாற்றங்காலில் ஒவ்வொரு தேயிலைக் கன்றின் மேலும் பெரணி கவிழ்த்து மூடுகிற வேலை நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். நேரே காவலாளியிடம் போனார்.

"'கன்னுக்குக் குளுரும்னு தெரியுது, புள்ளைக்குக் குளுரும்னு தெரியலையா'ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க. அந்தாளு நடுங்கிப் போயிட்டான். மறுபேச்சு இல்ல. கட்டுக் கட்டா அவங்களே தூக்கியாந்தாங்க. மூணு நாளு. தகர இடுக்குல திணிச்சு, கீழ பரப்பி, புள்ளைங்க மேல சாக்கு, சாக்கு மேல பெரணி. எம் மவள மூஞ்சி மட்டும் தெரிய மூடி வெச்சாங்க. நாத்துக் கணக்கா."

"அந்தப் பொண்ணு?"

"அவளா? கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில ஆயாவா இருக்கா. என்னயவே அதட்டுறா."

அப்புறம் அவர் மேட்டைப் பார்த்தார். புல்லின் வெள்ளை மெல்ல நீராகிக்கொண்டிருந்தது.

"நா மாரியம்மன் கோயிலுக்குப் போறவ தொர. சாமிக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா? சாமின்னா வெளக்கு வெப்பேன், பொங்க வெப்பேன். சாமிக்குக் குளுருமேன்னு பயப்புடுவேனா? இவங்க மனுசி. எல்லாத்தையும் மூடுனாங்க. இவங்கள மூட யாரு இருக்கா? மண்ணுல வெச்ச வருசத்துலேருந்து நாந்தான் மூடி வுடுறேன்."

விதியின் சாரம் அதுதான். ஒருவரைத் தெய்வமாக நடத்துவதுதான் குற்றம். குளிர்கிற மனுஷியாக நடத்துவது எந்தப் பிரிவிலும் வராது. அதை எனக்குச் சொல்ல ஒரு கம்பளி தேவைப்பட்டது.

உள்ளே போய் மூன்றாவது பெட்டிக் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். பெரணிக் கட்டுகள், மூன்று மாலைகள், மடத்துத் தலைவி. 'நாற்றுகள் கருகிவிட்டன' என்ற வரியை நான் நேற்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன். கருகாமல் இருந்தது எது என்று அந்தக் கடிதத்தில் இல்லை. நானும் தேடவில்லை.

தலைவி சகோதரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு, "அப்போ போர்டு, சார்?" என்றார்.

எனக்கு விதியை மீற வராது. வளைக்கவும் வராது. முறைப்படி குழுவுக்கு எழுதலாம் என்றேன். அன்றே எழுதினேன். 'உறைபனிக் காலத்தில் கல்லறையைப் பெரணியால் மூடுவது பகிரங்க வணக்கமாகுமா என்பது குறித்துத் தெளிவுரை வேண்டுதல்.' அந்த அம்மா சொன்னதை அப்படியே விவரித்து, தோட்ட அலுவலகக் கடிதத்தின் நகலையும் இணைத்தேன். தெளிவுரை வரும் வரை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது தொடரலாம் என்பது நிர்வாகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். என் அட்டைக்கு வயது ஒரு நாள். பெரணிக்கு முப்பது வருடத்துக்கு மேல். ஆகவே அட்டையை நானே கழற்றினேன்.

"இதுக்கு இவ்வளவு சுத்தோணுங்களா?" என்று சகோதரி சிரித்தார். மதியம் ரசத்தோடு பொரியலும் அப்பளமும் வந்தன.

பதில் வரவில்லை. மார்ச்சில் முதல் நினைவூட்டு அனுப்பினேன். ஜூலையில் இரண்டாவது. அனுப்பிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அலுவலகம் பதில் போடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். 'கூடாது' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்த அம்மா கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மதருக்குக் கெடுதல் என்றால் மறுபேச்சுப் பேச மாட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நான்தானே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். "நினைவூட்டு அனுப்பாம விட்டாத்தான் என்ன?" என்று மனைவி கேட்டாள். அது எப்படி முடியும்?

அடுத்த குளிர்காலம் வந்தபோது அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. வேலியோரத்துக் கல்லில் உட்கார்ந்து என்னை ஏவினார். வெட்டுக்கத்தியை நான் அதுவரை ஜப்தி செய்துதான் பழக்கம்.

"தலகீழா வெக்கிறீங்க தொர! நுனி கீழ பாக்கணும், அப்பத்தான் பனித்தண்ணி வழியும். இத்தன படிச்சு என்ன புண்ணியம்?"

"நெருக்கமா வெச்சா போதாதுங்களா?"

"மூச்சு முட்டாதா அவங்களுக்கு?"

இடைவெளி விட்டு வைத்தேன். கால்மாட்டில் கொஞ்சம் அதிகம். பனி இறங்கி இருவரையும் சுற்றிக்கொண்டது. அவருடைய குரல் மட்டும் கல்லிருந்த பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கையில் பெரணியின் பச்சை வாசனை இரண்டு நாள் போகவில்லை. பல மாலைகள் அப்படிப் போயின. எது நடந்தது, எது நான் பஸ்ஸில் தூங்கும்போது கண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஒரு நாள் மடத்துக்குப் போனபோது, தலைவி சகோதரி பிரிக்காத உறையை நீட்டினார். "நீங்களே பிரியுங்க சார், எனக்குக் கை வரல." ஒரே பக்கம். முதல் பத்தி: பனியிலிருந்து காக்க மூடுவது வணக்கமாகாது, விளக்கும் பூவும் சேராதவரை தொடரலாம். இரண்டாவது பத்தி: இணைப்பிலுள்ள பழைய புகார்க் கடிதம் குறித்து, தங்கள் மனுவில் கூறப்பட்ட பெண்மணியின் வாக்குமூலம் பதிவு செய்யப்பட வேண்டும், சாட்சி கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை, அவரால் பயணம் செய்ய முடியாது எனில் குழு அவரிடம் வரும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உரக்கப் படித்தேன். அந்த அம்மா கல்லில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"அப்ப மதர் களவாண்டதச் சொல்லணுமா?"

"நடந்ததச் சொல்லணும்."

"அன்னிக்கு ஒங்ககிட்ட மூணு நாளுன்னேன். அஞ்சு நாளு தொர. மூணுதான் அந்தாளு கண்ணுல பட்டுச்சு." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "சொல்றேன். ஆனா நேரமாச்சு, மொதல்ல பெரணிய வையிங்க."

வைத்தேன். இன்றைக்கும் ஏதாவது ஒரு விதியைப் படித்தால், அது எதைத் தடுக்கிறது என்று பார்த்துவிட்டு, யாருக்குக் குளிர்கிறது என்று அதில் எழுதாமல் விட்ட இடத்தையும் தேடுகிறேன். அதைக் கற்றுக்கொண்டது முந்தைய குளிர்காலத்தில், ஒரு கம்பளியின் முனையைப் பிடித்து நின்ற காலையில்தான். ஆனாலும் கோப்பு என்றால் தேதி வேண்டும். தோட்ட அலுவலகம் அன்று கேட்டு, மதர் எழுதாமல் விட்ட விளக்கத்தையும் அந்த அம்மாவிடமே கேட்கச் சொன்ன குழுவின் பதில் வந்தது, டிசம்பர் பதினேழாம் தேதி.